கண் எங்கே இருக்கிறது?

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் பேசியது)

ஒரு விரலை உச்சந்தலையிலும் இன்னொன்றை மோவாயிலும் வையுங்கள். சரிபாதியில் இருப்பது எது? கண். பிள்ளைகளோ அதை உச்சிக்கு அருகில் வைப்பார்கள். முதல்முறை நானும் அப்படித்தான் வைத்தேன்.

காவேரிப்பாக்கத்தில் ஏரி இருக்கும்வரை களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. கல், வேர் நீக்கி ஊறவைத்துப் பிசையுங்கள். திரியாக உருட்டி விரலில் சுற்றும்போது வெடிக்கவில்லை என்றால் அதுதான் பதம். சாத்துக்குடி அளவு உருண்டையை முட்டை வடிவாக்கி, பாதியில் கோடு கீறி, கட்டைவிரல்களால் இரண்டு குழி அழுத்தச் சொல்லுங்கள். குழிகளுக்கு இடையே நிற்கும் மேடுதான் மூக்கின் தொடக்கம். புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடைப்பட்ட உயரம் காதுக்கு. பிறகு திருப்பிப் பாருங்கள். பின்மண்டை தட்டையாக இருக்கும். நம்மில் பலர் செய்வது தலை அல்ல, முகமூடி. நம் ஊர்ப் பழஞ்சிற்பங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. சுற்றுலா போனால் பக்கவாட்டிலும் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

என் தவறு ஒன்று. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டியைச் செய்தான். கண் மேலே ஏறியிருந்தது. வாங்கி இரண்டே நிமிடத்தில் திருத்திக் கொடுத்தேன். நிழலில் காய்ந்ததும் எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவனுடையது மட்டும் மேசையிலேயே கிடந்தது. கேட்டேன்.

“இது எங்க ஆயா இல்ல சார், நீங்க செஞ்சது.”

இப்போது என் கையில் தனி உருண்டை. பிள்ளையின் மண்ணைத் தொடுவதில்லை. “உன் தலையைத் தொட்டுப் பார்” என்பதோடு சரி.

அவன் மறுபடி செய்தான். கண் அப்போதும் சற்று மேலேதான். ஆனால் பின்னால் ஆயாவின் கொண்டை இருந்தது.