தலைச்சுற்றும் தளராத நடையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



கற்றறிந்த பெரியோர் பலர் நின்று பேசிய இம்மேடையிலே, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடித்திராத எனக்கும் இடமளித்த செயற்குழுவினருக்கு முதற்கண் நன்றி கூறுகின்றேன். சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவேன் எனச் சிலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருளோ தலைச்சுற்று. நம் வீடுகளிலே முதியோரை வாட்டுவதும், "வயது போனால் அப்படித்தான்" என்று நாம் தட்டிக் கழிப்பதுமான துன்பம் அது. அதற்குப் பரிகாரம் மருந்துப் போத்தலில் மாத்திரம் இல்லை, உடலை முறைப்படி அசைக்கும் பயிற்சியிலும் உண்டு என்பதை எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

தலைச்சுற்று என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பவை பல. படுக்கையை விட்டுச் சடுதியாக எழும்போது கண் இருட்டி வருவது ஒன்று. அது பெரும்பாலும் இரத்த அமுக்கம் தாழ்வதால் உண்டாவது. வீடும் கூரையும் சுழல்வதுபோலத் தோன்றுவது மற்றொன்று. சுழற்சி எதுவுமின்றி, நடக்கும்போது கால் நிலைகொள்ளாமல் தள்ளாடுவது வேறொன்று. வைத்தியரிடம் செல்பவர் "தலை சுற்றுகிறது" என்று மட்டும் சொல்லாமல், இம்மூன்றில் எது, எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று விளக்கிச் சொன்னால் பாதி நோய் அங்கேயே விளங்கிவிடும்.

இனி, மனிதன் இரு காலில் நிமிர்ந்து நிற்பது எவ்வாறு என்பதைச் சிறிது நோக்குவோம். நம் மூளைக்கு மூன்று சாட்சிகள் இடையறாது செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கண் ஒன்று, உள்ளங்காலும் மூட்டுக்களும் தசைகளும் ஒன்று, உட்செவி ஒன்று. செவி கேட்பதற்கு மாத்திரம் அமைந்தது என எண்ணுகிறோம். ஆனால் அதன் உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. அவற்றில் ஒரு திரவம் நிறைந்திருக்கின்றது. தலை திரும்பும்போது அத்திரவம் பின்தங்கி, நுண்ணிய மயிர்களை வளைத்து, "தலை திரும்புகிறது" என்று மூளைக்கு அறிவிக்கின்றது. சிறுவயதில் முற்றத்திலே கைகளை விரித்துக் கிறுகிக் கிறுகித் திடீரென நின்றவுடன், உலகமே சுழன்றதல்லவா? உடல் நின்றபின்னும் அத்திரவம் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருந்ததே அதன் காரணம்.

மூன்று சாட்சிகளும் ஒருமுகமாகச் சொன்னால் நடை செம்மையாக இருக்கும். ஒன்றோடொன்று முரண்பட்டால் கலக்கம் பிறக்கும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு வள்ளத்திலே சென்றவர்கள் இதை நன்கு அறிவர். வள்ளத்தின் உள்ளே குனிந்திருப்பவருக்குக் கண் "அசையவில்லை" என்கிறது. செவியோ "ஆடுகிறது" என்கிறது. வயிறு குமட்டுகிறது. ஆனால் நாள்தோறும் வள்ளம் ஓட்டுபவருக்கு ஒன்றும் செய்வதில்லை. அவருடைய செவி வேறு செவியன்று. அவருடைய மூளை பழகிக்கொண்டது, அவ்வளவே. இப்பழக்கமே இன்று நான் சொல்லப்போகும் சிகிச்சையின் ஆணிவேர்.

தலைச்சுற்றுக்கும் உட்செவிக்கும் உள்ள தொடர்பை 1861 இல் எடுத்துக்காட்டியவர் பிரான்சு தேசத்து வைத்தியர் புறொஸ்பர் மெனியர். அதுவரை அது மூளைநோய் என்றே கருதப்பட்டது. பின்னர் வியன்னா நகரத்து வைத்தியர் றொபேட் பாராணி, நோயாளரின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவினால் கண்கள் ஒரு திசையிலும், சூடான நீரால் கழுவினால் எதிர்த்திசையிலும் துடிப்பதைக் கண்டு, செவியைச் சோதிக்கும் வழியொன்றை வகுத்தார். அதற்காக 1914 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி வந்தபோது அவர் உருசியாவிலே யுத்தக் கைதியாக இருந்தார்; 1916 இல் விடுதலை பெற்ற பின்னரே பரிசைப் பெற முடிந்தது.

நோயை அறிந்தாயிற்று, தீர்ப்பது எவ்வாறு? 1940களில் இலண்டனிலே கோதோண் என்ற செவிச் சத்திரவைத்தியரும் குக்சி என்ற வைத்தியரும் ஓர் உண்மையைக் கவனித்தனர். தலையில் அடிபட்டும் செவியில் சத்திரசிகிச்சை பெற்றும் தலைச்சுற்றால் வருந்தியோருள், அசையாது படுத்திருந்தவர்களைக் காட்டிலும், துணிந்து எழுந்து நடமாடியவர்களே விரைவில் குணமடைந்தனர். ஆகவே அவ்விருவரும் படிப்படியான பயிற்சிகளை வகுத்தனர். முதலில் படுக்கையிலிருந்தே கண்களை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்தல்; பின் தலையை முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் திருப்புதல்; அடுத்து இருந்து எழுதல்; பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு எறிதல்; இறுதியிலே சரிவிலும் படிகளிலும் ஏறி இறங்குதல். எந்த அசைவு தலைச்சுற்றைத் தருகிறதோ அதையே அளவோடு திரும்பத் திரும்பச் செய்யவேண்டும் என்பதே இதன் தத்துவம். இன்று இயன்மருத்துவர்கள் அதனோடு பார்வையை நிலைநிறுத்தும் பயிற்சியையும் சேர்த்துள்ளனர். சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மாத்திரம் இடமும் வலமும் திருப்புவதே அது.

தலைச்சுற்று வகைகளுள் மிகப் பொதுவானது ஒன்று உண்டு. உட்செவியின் ஒரு பகுதியிலே கல்சியங்காபனேற்றினாலான நுண்ணிய பளிங்குகள் இயல்பாகவே உள்ளன. அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் கால்வாயினுள் விழுந்துவிட்டால், படுக்கையிலே புரளும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் வீடு சுழலும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அது அடங்கிவிடும். இதைக் கண்டறியும் சோதனையை 1952 இல் டிக்ஸ், ஹோல்பைக் என்னும் இருவர் விவரித்தனர். அமெரிக்காவின் போட்லன்ட் நகரத்து வைத்தியர் ஜோன் எப்லி அதற்குப் பரிகாரம் கண்டார். மருந்தில்லை, கத்தியில்லை. நோயாளரின் தலையை நோயுற்ற பக்கமாக 45 பாகை திருப்பிப் பின்னே சாய்த்துப் படுக்கவைத்து, சிறிது பொறுத்து மறுபக்கம் 90 பாகை திருப்பி, பின் உடலோடு புரட்டி முகம் நிலத்தை நோக்கச் செய்து, இறுதியில் எழுப்பி இருத்துவதே அம்முறை. வழிதவறிய பளிங்குகள் உருண்டு தம் பழைய இடத்தை அடைகின்றன. 1980 இல் அவர் இதை எடுத்துரைத்தபோது சக வைத்தியர் பலர் நம்ப மறுத்தனர். 1992 இல் அவருடைய கட்டுரை வெளிவந்த பின்னர், மெல்ல மெல்ல உலகெங்கும் அது பரவியது.

என் அப்பாச்சி இந்நோயினால் வருந்தியவர். பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார்கள் அயலவர். தேசிக்காய் தேய்த்தார்கள், எண்ணெய் வைத்தார்கள். அவரோ கோபுரத்தை அண்ணாந்து பார்க்கப் பயந்து கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். கிணற்றடிக்குப் போவதையும் நிறுத்தினார். நான்கு மாதங்களின் பின் ஆசுபத்திரியிலே இயன்மருத்துவர் ஒருவர் அவரைப் படுக்கவைத்துத் தலையை நான் மேலே சொன்னவாறு திருப்பினார். இரண்டாம் முறை சென்று வந்தபோது சுழற்சி நின்றுவிட்டது. ஆனால் பயம் நிற்கவில்லை. கால்கள் நான்கு மாத ஓய்வில் பலம் குன்றியிருந்தன. முற்றத்திலே ஒருவர் கையைப் பிடிக்க நடந்து பழகி, அவர் மறுபடி கோயில் வீதியைத் தனியாகச் சுற்றிவர மேலும் ஆறு வாரங்கள் சென்றன.

அன்பர்களே, நான் வற்புறுத்த விரும்புவது இதுவே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். விழுந்துவிடுவேன் என்று அஞ்சுபவர் நடப்பதைக் குறைக்கிறார். நடை குறையக் கால் தளர்கிறது. கால் தளர விழுகிறார். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட கணக்கின்படி ஆண்டுதோறும் உலகில் ஏறக்குறைய 684,000 பேர் விழுந்து அதனால் உயிரிழக்கின்றனர். அவர்களுள் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. அன்பின் மிகுதியால் "அசையாமல் படுங்கோ" என்று நாம் முதியோருக்குச் சொல்லும் சொல், சில வேளைகளிலே அவர்களுக்குத் தீங்காக முடிகிறது. தலைச்சுற்றை அடக்கும் மாத்திரைகள் முதற் சில நாட்களுக்கு உதவும். நீண்டநாள் விழுங்கினாலோ மூளை பழகிக்கொள்வதை அவையே தாமதப்படுத்திவிடும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. தலைச்சுற்றோடு பேச்சுக் குழறினாலும், முகம் கோணினாலும், கை கால் வலுவிழந்தாலும், பொருள்கள் இரட்டையாகத் தோன்றினாலும், முன்னொருபோதுமில்லாத கடுந்தலையிடி வந்தாலும் பயிற்சியைப் பற்றி எண்ணவேண்டாம். ஒரு நிமிடமும் தாமதியாது ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். அது பாரிசவாதமாக இருக்கக்கூடும். கழுத்து எலும்பில் நோயுள்ளவர்களின் தலையைப் பழகாதவர்கள் திருப்பவும் கூடாது. எப்பயிற்சியையும் முதலில் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ காட்டிக் கற்றுக்கொள்வதே முறை. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களிலே இயன்மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றது. நம் இளைஞர்கள் அத்துறையையும் நாடவேண்டும் என்பது என் ஆசை.

வாலிபர்களாகிய நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. வீட்டிலே வழுக்கும் இடத்தைத் துடைத்துவைப்போம். இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். கிணற்றடியிலும் படியிலும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பூட்டுவோம். மாலையிலே கால் மணி நேரம் அப்புவோடோ ஆச்சியோடோ வீதியில் நடப்போம். இவற்றோடு, நம் சங்க மண்டபம் சனிக்கிழமைக் காலைகளிலே பூட்டியே கிடக்கின்றது. அயலிலுள்ள முதியோரை அங்கே கூட்டி, இயன்மருத்துவர் ஒருவரை அழைத்து, நாம் பக்கத்திலே நின்று கைகொடுக்க, அவர்கள் பயிற்சி செய்யலாம் அல்லவா? செயற்குழு இதனை ஆலோசிக்கவேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

நாம் தத்தித் தத்தி நடை பழகிய நாளிலே நம் விரலைப் பிடித்தவர்கள் அவர்கள். இன்று அவர்களுக்கு ஒரு விரல் வேண்டியிருக்கின்றது. கொடுப்போமாக.