கதையில் மோதல் எங்கே?

சிறுகதையில் மோதல் என்றதும் வில்லனைத் தேடுகிறோம். மனிதனோடு மனிதன், சமூகத்தோடு மனிதன், தன் மனசோடு தானே என்று மோதலில் பல வகை உண்டு. எது பிரதானம்னு அறிய, கடைசியில் முடிவெடுப்பவர் யார் என்று பாருங்கள்.

1966-இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்'. மழையில் காரில் ஏற்றிக்கொண்டவனால் பாதிக்கப்பட்டு வீடு திரும்புகிறாள் கல்லூரி மாணவி. அவன் பாதியிலேயே போய்விடுகிறான். கதை அம்மாவிடம் வந்து நிற்கிறது. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் பெற்ற பாசமும் அவளுக்குள்ளே முட்டுகின்றன. மகள் தலையில் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாக்கிவிடுகிறாள், பாசம் ஜெயித்தது.

அந்த அம்மா ஊரைக் கூட்டியிருந்தால்? 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்தது. அங்கே மோதல் சமூகத்தோடு!

பிள்ளைகளிடம் வில்லன் யார்னு கேட்காதீங்க. முடிவெடுத்தது யார்னு கேளுங்க.