மூடிய ஆஸ்பத்திரி, 23 வீடுகள், ஒரு பாடம்

(நம் தகவல் தொழில்நுட்ப அணி பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு ஒரு ஆஸ்பத்திரி கதை. நடந்தது லண்டன்ல. ஆனா கேட்டு முடிக்கிறப்போ உங்க ஊர்ல பூட்டிக் கிடக்கிற ஏதோ ஒரு அரசுக் கட்டடம் ஞாபகத்துக்கு வரும்.

கிழக்கு லண்டனில், போ ரோட்டில், செயின்ட் கிளெமென்ட்ஸ் மருத்துவமனை. 1849-ல் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதியாகத் தொடங்கியது. பிறகு மருத்துவமனை ஆச்சு. கடைசியில் மனநல மருத்துவமனை. 2005-ல் மூடிட்டாங்க. சிகிச்சைப் பிரிவுகள் மைல் எண்ட் மருத்துவமனைக்கு மாறின. இதை முதல்ல குறிச்சுக்கோங்க. ஆஸ்பத்திரியை மூடி வீடு கட்டுங்கன்னு நான் சொல்ல வரல. சிகிச்சைக்கு மாற்று இடம் உண்டாங்கிறதுதான் முதல் கேள்வி. நிலம் அதுக்கப்புறம்தான்.

அந்த நிலம் பொது நிலம். சுத்தி இருக்கிறவங்க வாடகை கட்டியே தேய்ஞ்ச உழைக்கும் மக்கள். 2012 ஒலிம்பிக் லண்டனுக்கு வருதுன்ன உடனே நில விலை எகிறும்னு அவங்களுக்குப் புரிஞ்சுது. தேவாலயம், மசூதி, பள்ளிக்கூடம் எல்லாம் ஒண்ணா சேர்ந்து ஒரே கோரிக்கை வெச்சாங்க: எங்க பிள்ளைகள் எங்க பகுதியிலேயே வாழ வீடு வேணும்.

அவங்க கேட்டது இலவச வீடு இல்ல. இதுதான் முக்கியம். அவங்க கேட்டது ஒரு கணக்கு. வழக்கமா வீட்டு விலையைச் சந்தை முடிவு பண்ணும், சம்பளம் அது பின்னாடி மூச்சு வாங்க ஓடும். இவங்க தலைகீழா மாத்தினாங்க. அந்தப் பகுதி மக்களின் இடைநிலை வருமானத்தை எடு. மாதத் தவணை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிலிருந்து விலையைக் கணக்கிடு. ஒரு படுக்கையறை வீடு சுமார் 1,30,000 பவுண்டுக்கு வந்தது. வெளிச்சந்தையில் அதுக்கு மூணு மடங்குக்கு மேல!

வாங்கினவர் நாளைக்கு லாபத்துக்கு வித்துட்டா? முடியாது. மறுவிற்பனைக்கும் அதே கணக்குதான். அதனால அடுத்து வர்ற குடும்பத்துக்கும் அதே நியாயம் கிடைக்கும். இதுக்குப் பேர் சமூக நில அறக்கட்டளை. 2017-ல் முதல் குடும்பங்கள் குடியேறின.

இப்போ கசப்பான பக்கம். அவங்க முழு வளாகத்தையும் கேட்டாங்க. டெண்டர்ல பெரிய கட்டுமான நிறுவனம் ஜெயிச்சுது. மொத்தம் 252 வீடுகளில் அறக்கட்டளைக்குக் கிடைச்சது 23. பத்தில் ஒண்ணு கூட இல்ல. பொது நிலத்திலேயே இந்த நிலைமை!

அப்போ இது வெற்றியா, தோல்வியா? என்னைக் கேட்டா, ரெண்டும்தான். 23 குடும்பங்களுக்கு அது வீடு. மத்தவங்களுக்கு, இப்படியும் செய்யலாம்ங்கிறதுக்குக் கண்ணு முன்னாடி நிக்கிற சாட்சி. அவங்க போராடாம இருந்திருந்தா அந்த 23-ம் இல்ல. டெண்டருக்கு முன்னாடியே நிபந்தனையை எழுத்தில் வாங்கியிருந்தா இன்னும் கூட கிடைச்சிருக்கும். நமக்கான பாடம் அதுதான்: நிலம் கை மாறின பிறகு கூட்டம் போட்டுப் பிரயோஜனம் இல்ல.

அதனால இந்த வாரம் ஒரு வேலை. உங்க வார்டுல பூட்டிக் கிடக்கிற ஒரு அரசுக் கட்டடத்தைப் போய்ப் பாருங்க. சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்க. யார் பேரில் இருக்கு, என்ன திட்டம்னு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தந்தாகணும். பதில் வந்ததும் அந்தத் தெரு மக்களோட உட்காருங்க. உங்களுக்கு என்ன வேணும்னு அவங்களையே கேளுங்க. நாம பேசுறதைக் குறைச்சு, அவங்க சொல்றதை எழுதிட்டு வருவோம்.

மீம் போடுறது நமக்குக் கைவந்த கலை. ஒரு மனுவும் போட்டுப் பார்ப்போமே!

உங்க பகுதியில் அப்படி எந்தக் கட்டடம் இருக்கு? கமெண்ட்ல சொல்லுங்க.



#பொதுநிலம்_மக்களுக்கே
#வீடு_நம்_உரிமை