இருபது சீட்டுகள்



பதின்ம வயதுப் பிள்ளைகள் கொடுங்கோல் அரசுகளையும் பசியையும் கொலையையும் பற்றிய எதிர்கால நாவல்களைத் தேடித் தேடிப் படிக்கிறார்களே, மனம் கெட்டுவிடாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். சுசான் காலின்ஸ் எழுதி 2008-இல் வெளியான 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலை முன்வைத்து என் பதிலைச் சொல்கிறேன். பிள்ளைகளை ஈர்ப்பது இருட்டு அன்று. அநீதி எப்படிக் கணக்குப் போட்டு நடத்தப்படுகிறது என்பதை இந்தக் கதைகள் அவர்களிடம் மறைப்பதில்லை.

கதை நடப்பது பானெம் என்னும் நாட்டில். ஒரு காலத்தில் தலைநகரை எதிர்த்துக் கிளர்ந்த குற்றத்துக்காக, 12 மாவட்டங்களும் ஆண்டுதோறும் தலா ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் அனுப்ப வேண்டும். ஒருவர் மிஞ்சும்வரை அந்த 24 பேரும் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். அதை நாடே தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். அனுப்பப்படுபவரைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் 12 வயதில் பிள்ளையின் பெயர் ஒரு சீட்டாகச் சேர்கிறது; 18 வயதுவரை ஆண்டுக்கு ஒன்று கூடுகிறது. இதுவரை எல்லோருக்கும் ஒரே சட்டம். ஆனால் வீட்டில் அடுப்பெரியவில்லையென்றால், கூடுதலாக ஒரு சீட்டுப் போட்டு, ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான சொற்பத் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். போட்ட சீட்டு கழிவதில்லை, ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும். சுரங்க விபத்தில் தந்தையை இழந்த கதாநாயகி காட்னிஸ், தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக ஆண்டுக்கு 3 சீட்டு கூடுதலாகப் போடுகிறாள். 16 வயதில் அவள் பெயரில் 20 சீட்டுகள். பெரிய குடும்பத்தைத் தாங்கும் நண்பன் கேலின் பெயரில் 42.

சட்டம் பொதுவானது, சாவு மட்டும் ஏழைக்கு அதிகம். இதைப் புரிந்துகொள்ள 15 வயது வாசகருக்கு உரையாசிரியர் தேவையில்லை.

இளையோருக்கான இத்தகைய நாவல்களின் மரபு பழையது. ஜான் கிறிஸ்டோபரின் 1967-ஆம் ஆண்டு நாவல் 'தி ஒயிட் மவுன்டன்ஸ்'. அதில் 14 வயதில் தலையில் உலோக வலை பதிக்கிறார்கள், அதன்பின் எதிர்க்கும் எண்ணமே எழாது. லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993) நாவலில் 12 வயதில் பெரியவர்கள் தொழிலை ஒதுக்கிவிடுகிறார்கள். அதிகாரம் வந்து கதவைத் தட்டும் வயதும் வாசகரின் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. 2011-இல் வந்த 'டைவர்ஜென்ட்' நாவலும் விறுவிறுப்பானதுதான். ஆனால் மனிதரை ஐந்து குணங்களாகப் பிரிக்கும் அதன் உலகத்தை என்னால் நம்ப முடியவில்லை.

'தி ஹங்கர் கேம்ஸ்' புத்தகத்துக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதை எதிர்த்தவர்கள் காட்னிஸின் மாவட்டத்தார் செய்வதுபோல மூன்று விரல்களை உயர்த்தினார்கள். அதற்காக மாணவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 2021-இல் மியான்மர் தெருக்களிலும் அதே விரல்கள் உயர்ந்தன. படித்த பிள்ளைகள் கெட்டுப்போனார்களா, விழித்துக்கொண்டார்களா என்பதைப் பெற்றோரே எண்ணிப் பார்க்கட்டும்.

காட்னிஸின் கதையை முதல் பாகத்தோடு நிறுத்திவிடுவோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 2010-இல் வந்த மூன்றாம் பாகத்தில் கிளர்ச்சி வென்றுவிடுகிறது. வென்றவர்களின் தலைவி காயின், தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்து இன்னுமொரு முறை அதே விளையாட்டை நடத்தலாம் என்கிறாள். வீழ்ந்த அதிபர் ஸ்நோவைக் கொல்லவென்று காட்னிஸின் கையில் வில்லைக் கொடுக்கிறார்கள். அவள் காயினைக் குறிபார்த்து எய்கிறாள். அவள் செய்தது சரிதானா என்பதை வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து விவாதிக்குமாறு இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.