குருதி உடைப்பை அடைத்தல்

நஞ்சை நிலத்தில் வாய்க்கால் உடைப்பெடுத்தால் உழவன் கைக்கு அகப்பட்டதை அள்ளிப் போட்டுவிடுவதில்லை. உடைப்பின் அகலத்தையும் நீரின் வேகத்தையும் நோக்கி, வைக்கோலா, களிமண்ணா, கல்லா என்று தேர்ந்தே அடைப்பான். உடலின் இரத்தக் குழாய் உடைப்பெடுக்கும்போது இக்கால மருத்துவரும் அவ்வாறே செய்கின்றனர்.

புனே நகரிலும் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் வாழும் தமிழர்களாகிய நாம் க்ஷயரோகத்தை அறியாதவர் அல்லோம். இருமலில் இரத்தம் கண்டால், அண்டை வீட்டார் அறியலாகாதென்று மறைப்போரும் நம்மிடையே உண்டு. அது பெருந்தவறு. நோயால் வடுப்பட்ட சுவாசப்பைக்கு இரத்தம் கொணரும் மூச்சுக்கிளைத் தமனிகள் பருத்து வெடிக்கக்கூடும். அவ்வாறு பெருகும் இரத்தம் மூச்சு வழியை அடைப்பதே உயிருக்குப் பெரும் ஆபத்தாகிறது.

1970-களில் பிரான்சு நாட்டு மருத்துவர் ழாக் ரெமியும் அவருடைய துணைவர்களும் இதற்கு ஒரு வழி கண்டனர். தொடையின் மேற்புறத்துத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்-ரே திரையில் பார்த்தவாறே நோயுற்ற தமனியை அடைந்து, உள்ளிருந்தே அடைத்துவிடுவதுதான் அவ்வழி. மார்பைக் கீற வேண்டுவதில்லை. புனே போன்ற பெருநகர்களின் பெரிய மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இன்று நடைபெறுகிறது.

எதைக் கொண்டு அடைப்பது? ஜெலட்டின் பஞ்சு சில வாரங்களில் கரைந்துவிடும். பாலிவினைல் ஆல்கஹால் துகள்களோ கரைவதில்லை; ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பருமனுள்ளவை பெரிதும் பயன்படுகின்றன. அதனினும் மிக நுண்ணியவை தப்பிச் சென்று வேறிடத்தை அடைத்துவிடக்கூடும். தண்டுவடத்துக்குச் செல்லும் கிளை அங்கே பிரிகிறதா என்பதையும் மருத்துவர் முன்னரே தேடுவர். அது அடைபட்டால் கால்கள் செயலிழக்கக்கூடும். மூளைத் தமனி வீக்கத்துக்கு 1990-களிலிருந்து பயன்பட்டுவரும் பிளாட்டினக் கம்பிச்சுருளை இங்கே தயங்கியே இடுவர். ஏனெனில், இரத்தம் மீண்டும் கசிந்தால், உட்சென்று அடைக்க வழி இராது. எவ்வளவு அடைப்பது என்பதோடு, எதை அடையாது விடுவது என்பதும் இக்கலையில் அடங்கும்.

உடைப்பை அடைத்தபின் கரையைப் பலப்படுத்த வேண்டுமன்றோ? இச்சிகிச்சை இரத்தத்தை நிறுத்துமேயன்றி நோயை நீக்காது. நோயை நீக்குவது இடைவிடாது உட்கொள்ளும் மாத்திரையே. அரசாங்க மருத்துவ நிலையங்களில் அது விலையின்றிக் கிடைக்கிறது. பொங்கலுக்கு ஊர் சென்றாலும் அங்கும் கிடைக்கும். புறப்படுமுன் இங்குள்ள நிலையத்தில் சொல்லிச் செல்வோம். இருமலில் ஒரு துளி இரத்தம் கண்டாலும் மறையாது மருத்துவரை நாடுவோம்.