ஆறுதல் என்ற சொல் போதாது



நடத்தைச் சிக்கலோ மனநலச் சிக்கலோ உள்ள பிள்ளையை வளர்க்கும் குடும்பத்துக்கு, அதே வழியில் முன்னே நடந்த இன்னொரு குடும்பம் தரும் துணையைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இந்தத் துணைக்கு நாம் வழக்கமாக இடும் பெயர் ஆறுதல். அந்தப் பெயரோடுதான் என் வழக்கு. ஆறுதல் என்று சொன்னவுடன் அது நல்ல மனம் படைத்தவர்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் காரியமாகிவிடுகிறது. அதற்குப் பயிற்சி தேவையில்லை, மேற்பார்வை தேவையில்லை, சம்பளம் என்ற பேச்சே எழுவதில்லை. ஆனால் ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்குப் போய்ச் சேர்வது முதன்மையாக ஒரு தேர்ச்சி என்பதே என் வாதம். கடைத்தெருவில் பிள்ளை தரையில் விழுந்து புரளும்போது எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது, பள்ளியில் “டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்” என்றால் யாரிடம் எந்த மனுவோடு போய் நிற்பது, மாத்திரை மாற்றிய முதல் வாரத்தில் எதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்வது என்கிற தேர்ச்சி அது. தேர்ச்சி என்றால் அதைக் கற்பிக்கலாம், சோதித்துப் பார்க்கலாம், பிழை நேர்ந்தால் திருத்தலாம். செய்கிறவருக்குக் கூலியும் கொடுத்தாக வேண்டும்.

அந்தத் தேர்ச்சி கைமாறுவதற்கு முன்னால் ஒரு தடை விலக வேண்டியிருக்கிறது. “வளர்த்த லட்சணம்” என்ற இரண்டு சொற்கள்தான் அந்தத் தடை. ஊர் மட்டும் அதைச் சொல்லவில்லை. நம் மனநலத் துறையும் சொன்னது. 1943இல் லியோ கேனர் ஆட்டிசத்தை முதலில் விவரித்தபோதே பெற்றோரின் குளிர்ந்த சுபாவத்தைக் குறிப்பிட்டார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல், தாயின் பாசமின்மையே காரணம் என்ற கருத்தைப் பரவலாக்கியது. பிள்ளையோடு மருத்துவமனைக்கு வந்த தாய் அங்கே குற்றவாளியாக உட்கார வேண்டியிருந்தது. இந்தக் கோட்பாட்டை உடைத்ததில் பெரும் பங்கு ஒரு தந்தைக்கு உண்டு. ஆட்டிசம் உள்ள மகனை வளர்த்த உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், இது உடல்சார்ந்த நிலை என்று 1964இல் சான்றுகளோடு எழுதினார். அடுத்த ஆண்டே பெற்றோர்களைத் திரட்டி அமெரிக்காவில் ஒரு சங்கம் கண்டார். 1969இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்த கேனர், பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். பிரிட்டனில் 1962இலேயே பெற்றோர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள். வேறிடத்தில் ஆய்ந்து முடித்த உண்மையை இந்தப் பெற்றோர் வாங்கிக்கொண்டு போகவில்லை. அந்த ஆய்வின் திசையையே அவர்கள் திருப்பினார்கள். இது நம் துறையின் வரலாறு. நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டிய வரலாறு.

பெற்றோர் தனித்து விடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவிலிருந்தே ஒரு கணக்கு இருக்கிறது. கடும் உணர்வுச் சிக்கல் உள்ள முப்பது லட்சம் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தேவையான சேவை கிட்டவில்லை என்று 1982இல் ஜேன் நிட்சர் அறிக்கை தந்தார். இருபது ஆண்டு கழித்தும் நிலை எவ்வளவு மாறியது? மனநலச் சிகிச்சை கிடைப்பதற்காகவே பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் குழந்தைகள் நலத் துறையிடமோ சிறார் நீதித் துறையிடமோ ஒப்படைத்தது 2001ஆம் நிதியாண்டில் மட்டும் 12,700க்கும் மேல் என்று 2003இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கூறியது. எல்லா மாநிலங்களும் மாவட்டங்களும் கணக்குத் தராத நிலையில் வந்த எண் இது. பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளையையே கைவிட்டதாகக் கையெழுத்திடும் பெற்றோரின் நிலையை நினைத்துப் பாருங்கள். 1989இல் அங்கே குடும்பங்களின் கூட்டமைப்பு பிறந்தது இந்தச் சூழலில்தான். 2013இல், பெற்றோருக்குப் பெற்றோர் தரும் துணையை ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டின் வழியே வழங்கத்தக்க சேவைகளுள் ஒன்றாக அந்நாட்டு அரசு மாநிலங்களுக்குச் சுட்டிக்காட்டியது. ஆறுதலாக இருந்தது ஒரு பணியாக மாறத் தொடங்கியது.

இதனால் பிள்ளைக்கு என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. சான்றுகள் ஒரே திசையில் இல்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். 1990களில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர், மனநலச் சேவைகளை எப்படி அணுகுவது என்று பெற்றோருக்குப் பயிற்சி தந்து ஆராய்ந்தார்கள். பெற்றோரின் அறிவும் தன்னம்பிக்கையும் கூடின. சேவைப் பயன்பாடோ குழந்தைகளின் மனநலமோ மாறவில்லை. மாறாக, லண்டனின் சவுத்வார்க் பகுதியில் நடந்து 2012இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். இரண்டு முதல் பதினொரு வயது வரையிலான, நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் 116 பேர் அதில் பங்கேற்றார்கள். வாரம் இரண்டு மணி நேரமாக எட்டு வாரம் வகுப்பு எடுத்தவர்கள் அதே சமூகத்தைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற, வல்லுநர் மேற்பார்வையில் இயங்கிய பெற்றோர்கள். சேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் கடைசிவரை வந்தார்கள். பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல் குறைந்தது. வளர்ப்பு முறை மேம்பட்டது. பெற்றோரின் மன அழுத்தத்தில் மட்டும், வகுப்பில் சேர்ந்த குழுவுக்கும் ஒப்பீட்டுக்காக வைத்த குழுவுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. இந்தக் கடைசி முடிவில்தான் நான் நெடுநேரம் நிற்கிறேன். இது வெறும் ஆறுதலாக இருந்திருந்தால் முதலில் இறங்கியிருக்க வேண்டியது மன அழுத்தம். அது இறங்கவில்லை, பிள்ளையின் நடத்தை மாறியது. கைமாறியது செயல் நுட்பம் என்று எடுத்துக்கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வாண்டர்பில்ட் முடிவையும் இதே வெளிச்சத்தில் படிக்கலாம். கதவு எங்கே இருக்கிறது என்று பெற்றோருக்குக் காட்டினார்கள். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்காதபோது காட்டியதால் மட்டும் என்ன ஆகும்?

நம் மண்ணிலும் சான்று உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். அதே பத்தாண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தோடு சேர்த்தே சிகிச்சை தரும் முறையைத் தொடங்கியது. வேலூரில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் சொற்பொழிவு. மற்றப் பிரிவுக்கு அதே பத்து வாரம், பெற்றோர்கள் தங்களுக்குள் பேசிப் பகிரும் குழுக் கலந்துரையாடல். பிள்ளை வளர்ப்பு பற்றிய மனப்பாங்கும், குறைபாட்டைப் பற்றிய அறிவும் கலந்துரையாடிய பிரிவில் மேலோங்கின. அறிவுகூடப் பேச்சைக் கேட்டவர்களைவிடப் பேசியவர்களிடம் கூடியது என்பது, பாடம் நடத்திப் பழகிய நம் எல்லோருக்கும் உரிய செய்தி.

மறுப்புகளுக்கு வருகிறேன். மாமா, சித்தி, அத்தை என்று உறவுகள் சூழ்ந்த நம் சமூகத்தில் வெளியாள் ஒருவரின் துணை எதற்கு என்று கேட்பார்கள். குற்றம் சாட்டும் முதல் குரல் பல வீடுகளில் அந்த உறவிலிருந்துதான் எழுகிறது. கல்யாண வீட்டுக்குப் பிள்ளையை அழைத்துவர வேண்டாம் என்று சொல்பவரிடம் பிள்ளையைப் பற்றி மனம்விட்டுப் பேச முடியாது. அடுத்த மறுப்பு கனமானது: படிக்காதவர் மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டால்? பத்தியமும் பரிகாரமும் பரிந்துரைத்துவிட்டால்? அந்த ஆபத்து உண்மையே. ஆனால் அது இன்றைக்கே, யாருடைய மேற்பார்வையும் இல்லாமல், மருத்துவமனைக் காத்திருப்பு வரிசைகளில் நடந்துகொண்டிருக்கிறது. எதைச் சொல்லலாம், எங்கே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற வரம்பைப் பயிற்சியால்தான் வகுக்க முடியும். சம்பளம் கொடுத்தால் உள்ளன்பு போய்விடும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. செவிலியருக்குச் சம்பளம் தருகிறோம், கருணை போய்விட்டதா? கூலியில்லாத இந்த உழைப்பு பெரும்பாலும் தாய்மாரின் தலையிலேயே விழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொரு மறுப்புக்கு நான் தலைவணங்குகிறேன். பெற்றோரின் குரல் பிள்ளையின் குரல் ஆகாது. 1993இல் ஜிம் சின்கிளேர் என்ற ஆட்டிசம் உடையவர், எங்களுக்காக அழாதீர்கள் என்று பெற்றோர்களை நோக்கிப் பேசியது இன்றும் நம்மைக் கேள்வி கேட்கிறது. வளர்ந்த பிள்ளைகள் உட்காராத பெற்றோர் குழு பாதிக் குழுதான்.

2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது. இத்தனை குடும்பங்களையும் நிபுணர்கள் மட்டுமே சந்தித்துத் தீராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிறார் உள்நோயாளியாக இருக்கும் காலம் முழுவதும் அவருடைய நியமனப் பிரதிநிதி, வழக்கமாகப் பெற்றோர், அல்லது அவர் அமர்த்தும் ஒருவர் உடன் தங்க வேண்டும் என்கிறது. ஆக, பெற்றோரை வார்டுக்குள் சட்டமே கொண்டுவந்துவிட்டது. அந்த நாள்களில் அவர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்களா, இன்னொரு பெற்றோரிடம் கற்கிறார்களா என்பது நம் கையில் இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் மூலம், பத்து இருபது பெண்கள் கூடிக் கணக்கெழுதி முறையாக ஒரு காரியத்தை நடத்தும் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை இங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாளும் விவாதிக்க வேண்டுகிறேன். குழந்தைகளுக்கான ஒவ்வொரு மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திலும் சக பெற்றோர் ஒருவருக்குப் பணியிடம் உருவாக்குவதானால் தேர்வு எப்படி, பயிற்சி எத்தனை நாள், பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு, ஊதியம் எந்தத் தலைப்பில் வரும் என்பதை எழுத்தில் வகுத்த ஒரு வரைவை நாளை மாலைக்குள் இந்த அவை என் கையில் தர வேண்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.