பிணம் அறுப்பவன் பிள்ளைக்கு யார் சோறு போடுவது?

(சுயமரியாதைக் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டது பிணத்தைப் பற்றிய விஷயம். "வேறு பேச்சே கிடைக்கவில்லையா? வீட்டுக்குப் போய்த் தலை முழுக வேண்டுமே" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அப்படி முகம் சுளிப்பவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

ஒருவன் கிணற்றில் பிணமாய் மிதக்கின்றான். தானே விழுந்தானா, பிறர் தள்ளினார்களா? ஒரு மருமகள் நெருப்பில் வெந்து சாகின்றாள். அடுப்பு வெடித்ததா, வெடிக்க வைத்தார்களா? இதை ஜோசியன் சொல்ல மாட்டான். கோடாங்கி சொல்ல மாட்டான். பிணத்தை அறுத்துப் பார்த்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட சாவுகளை விசாரிக்கும் உத்தியோகஸ்தருக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கொரோனர் என்று பெயர். நம் தேசத்தில் 1871-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய பட்டணங்களுக்கு இதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. இப்பொழுது நம்மிடம் அந்த உத்தியோகம் இல்லை. போலீசும் மாஜிஸ்திரேட்டும் விசாரிக்கின்றார்கள், டாக்டர் பரிசோதிக்கின்றார், பிணத்தைத் தூக்குவதும் கழுவுவதும், பல இடங்களில் அறுப்பதும் தைப்பதுங்கூட, சவக்கிடங்குத் தொழிலாளியின் வேலையாக இருக்கின்றது.

இந்த வேலையில் இருப்பவர் இந்த வேலையினாலேயே செத்துப் போனால் அவர் மனைவி மக்களுக்குப் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கலாமா? கொடுத்தால் செலவு எவ்வளவு? அதை நாம் தாங்குவோமா? இதுதான் கேள்வி.

முதலில் இந்த உத்தியோகத்தின் பூர்வோத்தரத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் 1194-இல் கொரோனர் ஏற்பட்டது ஏழைக்கு நியாயம் வழங்க அல்ல. அரசனுக்கு வரவேண்டிய வருமானத்தைக் காவல் காக்க. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன்மேல் வண்டி ஏறி அவன் செத்தால், அந்த வண்டி "கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டிய பொருள்" ஆகிவிடும். கொரோனரும் ஜூரிகளும் அதற்கு விலை போடுவார்கள். கடவுள் வந்து வாங்கிக் கொண்டாரா? அரசன் வாங்கிக் கொண்டான். அல்லது அரசனிடம் அந்த உரிமையைப் பெற்ற ஜமீன்தாரன் வாங்கிக் கொண்டான். செத்தவன் மனைவிக்குச் சட்டப்படி ஒரு காசு பாத்தியதை கிடையாது. செத்தவன் குடியானவன், பங்கு கடவுளுக்கு, பணம் அரசனுக்கு! இந்தக் கணக்கு நம்மூர்க்காரர்களுக்குப் புதிதா தோழர்களே?

பிறகு ரயில் வந்தது. 1841-இல் சோனிங் என்ற இடத்தில் ரயில் கவிழ்ந்து மூன்றாம் வகுப்பில் போன தொழிலாளிகள் செத்தார்கள். ஜூரிகள் இஞ்சினுக்கும் வண்டிகளுக்கும் 1,000 பவுன் விலை போட்டார்கள். அப்பொழுதும் அது கடவுள் பங்குதான். கடைசியில் 1846-இல் அந்தக் கடவுள் பங்கை ஒழித்தார்கள். அதே வருஷத்தில், பிறர் குற்றத்தால் செத்தவனுடைய குடும்பம் நஷ்டஈடு கேட்கலாம் என்று வேறொரு சட்டம் செய்தார்கள். 1855-இல் அதே மாதிரிச் சட்டம் நம் தேசத்துக்கும் வந்தது. 1923-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. கடவுள் பங்கு போன பிறகுதான் பெண்டு பிள்ளைகளின் பங்கு வந்தது என்பதை மறந்து விடாதீர்கள்.

இனி, இந்த வேலையில் அப்படி என்ன அபாயம் என்று கேட்பீர்கள். 1847-இல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் கோலெட்ஷ்கா என்ற பேராசிரியர் ஒரு பிணத்தைப் பரிசோதிக்கையில் மாணவன் கையிலிருந்த கத்தி அவர் விரலில் பட்டது. சிறு காயந்தான். சில நாளில் இறந்தார். அவருடைய நண்பர் செம்மல்வெயிஸ் என்ற டாக்டர் யோசித்தார். இவர் உடம்பில் கண்ட கேடும், பிரசவ ஜன்னியில் சாகும் பெண்கள் உடம்பில் கண்ட கேடும் ஒன்றாயிருக்கக் கண்டார். பிணத்தைத் தொட்ட கையோடு போய்ப் பிரசவம் பார்ப்பதே காரணம் என்று தெளிந்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரல் மாதத்தில் அந்த விடுதியில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் செத்தார்கள். ஜூலையில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பிணத்தருகே நின்ற ஒருவர் சாவிலிருந்து எத்தனை தாய்மார் உயிர் தப்பினார்கள் பாருங்கள்! தீட்டு என்று ஒதுங்கி நின்றவன் எவனாவது ஒரு தாயைக் காப்பாற்றினானா?

இன்றைக்கும் க்ஷயரோகக் கிருமி பிணத்திலிருந்து பரவும். ஈரலைக் கெடுக்கும் மஞ்சள் காமாலைக் கிருமியும் ஊசி குத்தினால் பரவும். நம்மவர் யோக்கியதையையும் சொல்லுகிறேன். 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவினால் இறந்த ஒரு டாக்டரின் உடலைப் புதைக்கப் போனவர்களைக் கல்லால் அடித்து விரட்டினார்கள். உயிரோடிருந்தால் கை கூப்புகின்றோம், செத்தால் கல்லெறிகின்றோம்.

அமெரிக்காவில் என்ன செய்கின்றார்கள்? 1976-இல் அந்தத் தேசத்துச் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. கடமையில் உயிர் விட்ட போலீசார் குடும்பத்துக்கும் தீயணைப்போர் குடும்பத்துக்கும் 50,000 டாலர் என்றார்கள். 2001-இல் அது 2,50,000 ஆயிற்று. அதன் பிறகு விலைவாசியோடு ஏறி வருகின்றது. நியூயார்க் நகரத்து இரட்டைக் கோபுரங்கள் 2001 செப்டம்பர் 11-இல் தகர்க்கப்பட்டபோது தீயணைப்புப் படையின் பாதிரியார் ஒருவரும் மாண்டார். 2002-இல் அவர் பெயராலேயே சட்டத்தைத் திருத்திப் பாதிரியார்களையும் சேர்த்தார்கள். அவர் ஓடாமல் நின்று செத்தார். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் செத்தவனுக்கு ஜபம் சொல்பவரைப் பெயர் சொல்லிச் சேர்த்த அந்தத் திருத்தம், செத்தவன் யார் என்று கண்டு சொல்பவரைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. அன்று அங்கே 2,753 பேர் இறந்தார்கள். கருகிய எலும்புத் துண்டுகளை வைத்துக் கொண்டு, இருபது வருஷத்துக்கு மேலாகியும் பரிசோதகர்கள் இன்னார் இன்னார் என்று கண்டுபிடித்துக் கொண்டிருக்கின்றார்கள். ஒரு தாய்க்கு "இது உன் மகன்தான்" என்று சொல்ல எந்த ஜபத்தால் முடிந்தது?

இனிச் செலவுக்கு வருவோம். "வரிப்பணம் போய்விடுமே" என்பது ஆட்சேபணை. நியாயமான கேள்விதான், வரி கொடுப்பவன் கணக்குக் கேட்க வேண்டும். ஆகையால் கணக்கே போடுவோம். ஒரு பேச்சுக்கு, இருபது லட்சம் குடும்பங்கள் உள்ள ஒரு நாட்டில் வருஷத்துக்கு ஒருவர் இந்த வேலையினால் சாகிறார் என்றும், அவர் குடும்பத்துக்கு இருபது லட்ச ரூபாய் கொடுக்கிறார்கள் என்றும் வைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு ரூபாய் ஆகின்றது! உண்டியலில் போடும்போது எந்த வீட்டுக்காரனாவது ஒரு ரூபாய்க்குக் கணக்குக் கேட்டதுண்டா?

கொடுக்காவிட்டால் அந்தச் செலவு இல்லாமற் போய்விடுமா? அதுவும் போகாது. விதவை கடன் வாங்குவாள். மகன் பள்ளிக்கூடத்தை விட்டு அப்பன் செய்த வேலைக்கே போவான். ஊர் முழுவதும் சேர்ந்து சுமக்க வேண்டியதை ஒரு விதவை தலையில் ஏற்றிவிட்டு, மிச்சம் பிடித்தோம் என்று சொல்லுவது புரட்டு அல்லவா?

"தெரிந்துதானே வேலைக்கு வந்தான்?" என்பது இன்னொரு ஆட்சேபணை. தீயணைப்பவனும் தெரிந்துதானே வந்தான்? நம்மூர்ச் சவக்கிடங்கில் நிற்பவன் பெரும்பாலும் எந்த ஜாதியில் பிறந்தவன் என்று போய்ப் பாருங்கள். பிறகு அவன் தானாக விரும்பி வந்தானா என்று சொல்லுங்கள்.

நம் தேசத்திலேயே ஒரு உதாரணம் இருக்கின்றது. மனிதன் மலத்தை மனிதன் அள்ளக் கூடாதென்று 1993-இல் சட்டம் வந்தது. சாக்கடைக் குழியில் சாவது நிற்கவில்லை. 1993 முதல் அப்படிச் செத்தவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பத்து லட்சம் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2014-இல் உத்தரவிட்டது. 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. செலவு அதிகம் என்று நினைக்கும் சர்க்காருக்கு வழி இருக்கின்றது: குழிக்குள் ஆளை இறக்காமல் யந்திரத்தை இறக்கட்டும். சவக்கிடங்குக்கும் இதே நியாயந்தான். நல்ல கையுறை, முகமூடி, காற்றோட்டமான கட்டிடம், காமாலைக்கு ஊசி ஆகியவற்றைக் கொடுத்தால், குடும்பத்துக்கு நிதி கொடுக்கும் அவசியமே அபூர்வமாகும்.

தோழர்களே! நாம் கேட்பது தர்மமல்ல, பாத்தியதை. சாவு வேலையினால் வந்தது என்று ரூபிக்கப்பட வேண்டும். பணம் நேரே மனைவி மக்கள் கையில் சேர வேண்டும். மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு வேண்டும். விதவை மறுமணம் செய்து கொண்டாலும் அவள் பங்கு போகக் கூடாது. டாக்டருக்கு ஒரு நியாயம், பிணந்தூக்குபவனுக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது.

பிணத்தைத் தொட்டவனைத் தொட மாட்டேன் என்பவன் வீட்டுச் சாவுக்கும் அவன்தான் வந்தாக வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் யாரும் தலை முழுக வேண்டாம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் வேலை செய்பவரைக் கண்டு, அவருக்குக் கையுறை கொடுத்திருக்கிறார்களா, அவருக்கு ஏதாவது நேர்ந்தால் வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். அதை எழுதி உங்கள் சட்டசபை அங்கத்தினரிடம் பதில் கேளுங்கள்.